ஜெபம் பண்ணுவோமா

"அண்ணாச்சி, அங்கியைக் கழட்டிப் போட்டுரலாம்னு இருக்கேன்."

வந்தவர் உட்காரக்கூட இல்லை. செருப்பை வாசலில் விட்டு, பையை ஓரமாக வைத்து, நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டார் குணசீலன் ஐயர்.

ஐயர் என்றதும் வேறு யாரையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் பனைவிளைச் சபைக்கு ஐயர். தலை நரைத்துவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சபை கொடுத்த அவ்வளவு பெரிய குருமனை வீட்டில் ஒற்றை ஆள்.

அண்ணாச்சி என்பது மாசிலாமணி. இறையியல் கல்லூரியில் இவருக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். சபையும் பதவியும் வேண்டாம் என்று மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமத்தில் இருக்கிறார். புத்தி கேட்டு வருகிறவர்களுக்கு லேசில் புத்தி சொல்லமாட்டார். அப்படியும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், என்ன செய்ய?

அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உக்காருடே."

உட்கார்ந்தார்.

"எதுக்குக் கழட்டணும்?"

"என் ஜெபம் வேண்டாம்னுட்டாரு ஒருத்தர்."

"யாரு?"

"வேதக்கண்ணுன்னு ஒரு பெரியவரு. பக்கவாதம் வந்து கட்டில்ல கெடக்காரு. பேச்சு இழுக்கும். மகன் மஸ்கட்டுல. சோறு வைக்க ஒரு அம்மா வந்துட்டுப் போகும், அவ்வளவுதான்."

"ம்."

"வீடு சந்திக்கப் போனேன். சுகம் விசாரிச்சேன். வேதத்துல ஒரு சங்கீதம் வாசிச்சேன். ஜெபம் பண்ணுவோமான்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வேண்டாம் ஐயா'ங்காரு. முடியல போலன்னு விட்டுட்டேன். அடுத்த வாரமும் அதே கதை. 'ஜெபம் மட்டும் பண்ணிராதீங்க ஐயா.' அந்த அம்மா வேற பாத்துக்கிட்டு நிக்குது. மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிட்டு."

"பிடிச்ச கையை விட்டாரா?"

"இல்ல. நான்தான் உருவிட்டு வந்தேன்."

மாசிலாமணி ஒரு கொத்துக் கீரையை எடுத்து அவர் முன்னால் போட்டார்.

குணசீலனும் ஆய ஆரம்பித்தார். கைக்கு வேலை கிடைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவரைச் சொல்லிக் குத்தமில்ல அண்ணாச்சி. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊருக்கெல்லாம் ஆண்டவரைப் பத்திப் பேசுதேன். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டா, அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரியே இல்ல. 'ஆண்டவரே, பாரும், கேளும், தாரும்'னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒரு சத்தம் கிடையாது. அவ இருந்தப்பவாவது அடுப்படியில பாத்திரம் உருளுத சத்தம் கேக்கும்."

பாவம், எத்தனை வீட்டில் எத்தனை பேர் கண்ணைத் துடைத்த மனிதர்! தன் கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினார்.

மாசிலாமணி கீரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பேசி முடிச்சதும் என்ன செய்வ?"

"என்ன செய்ய? ஆமென் சொல்லிட்டு எந்திரிச்சிருவேன்."

"ம்."

அவ்வளவுதான்.

குணசீலன் காத்திருந்தார். ஒரு வசனமாவது சொல்லுவார் என்று பார்த்தார். ஊஹூம். கீரை ஆய்ந்து முடிகிறது, மனிதர் அடுத்த கொத்தை எடுக்கிறார். குணசீலன் கால் மாற்றி உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது.

"நாளைக்குக் காலைல போய்ப் பேராயர்கிட்ட சொல்லிரப்போறேன்."

"ம்."

"சரி அண்ணாச்சி. ஜெபம் பண்ணுவோமா?"

மாசிலாமணி எழுந்தார். வாசலுக்குப் போய், குணசீலனின் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பையை எடுத்து வந்து நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, விரட்டுதீங்க!"

"நீதான கெளம்புதேன்னு சொன்ன."

"நான் எங்க சொன்னேன்? ஜெபம் பண்ணுவோமான்னுதான..."

வாய் பாதியில் நின்றுவிட்டது.

பனைவிளையில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். ஐயர் "ஜெபம் பண்ணுவோமா" என்றால் உள்ளேயிருந்து ஆள் வந்து காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போவார்கள். வாசலில் கிடக்கிற சைக்கிளை நகர்த்தி வழி விடுவார்கள். ஆமென் சொன்னதும் ஐயர் படி இறங்கிவிடுவார்.

குணசீலன் பையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பேராயர் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குத்தான் கிளம்பினார். கால் வேதக்கண்ணு வீட்டுக்குப் போய்விட்டது.

பெரியவர் இவரைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தார். முகத்தில் பயம்.

"கோவமா ஐயா?" வார்த்தை இழுத்து இழுத்து வந்தது. "ஜெபம்... பண்ணிக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. வராம மட்டும் இருந்துராதீங்க."

குணசீலன் வழக்கமாக உட்காருகிற நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"இன்னைக்கு ஜெபம் இல்ல, பெரியவரே."

பெரியவர் நம்பவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தார்.

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. குணசீலன் அசையவில்லை. சொல்ல எதுவும் இல்லாமல் ஒரு வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. கூச்சமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது.

வெயில் வாசல் வழியே வந்து கட்டில் காலைத் தொட்டபோதுதான் பெரியவரின் உதடு அசைந்தது.

"எல்லாரும் வாராக," என்றார். "அவுகளாப் பேசுதாக. ஆமென்னுட்டு... எந்திரிச்சிருதாக. நான் வாயைத் தொறக்கதுக்குள்ள... ஆளைக் காணோம்."

குணசீலனுக்குப் பேசுகிறது யார் என்றே ஒரு கணம் பிடிபடவில்லை.

அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெரியவரிடம் "சொல்லுங்க" என்றுதான் சொல்ல நினைத்தார்.

வாயில் வந்தது, "சொல்லும்."