சின்னராயர் முதுகைக் கண்டவர்

மாங்குளம் சீமையில் ஒரு உள்நாட்டுப் போர் நடந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று ராஜா பெரியராயருக்கும் தம்பி சின்னராயருக்கும் தகராறு. ஆளுக்கொரு படை சேர்த்துக்கொண்டு ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலுமாக நின்றுவிட்டார்கள்.

இரண்டு படையிலும் இருந்தவர்கள் மாமன் மச்சான்கள். ஒருத்தன் கத்தியை ஓங்குவான். "அடடே, மாப்பிள்ளையா! அக்கா சௌக்கியமா?" என்பான் எதிரே நிற்பவன். கத்தி உறைக்குள் போய்விடும். வெற்றிலைப் பெட்டி வெளியே வந்துவிடும்.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. படையை உசுப்பேற்ற ஒரு தங்கப் பதக்கம் செய்தார். 'சின்னராயன் முதுகைக் கண்டவருக்கு' என்று அதில் பொறிக்கச் சொன்னார். தம்பியைப் புறமுதுகிட்டு ஓடவைக்கும் வீரருக்கு என்று அர்த்தம். மூன்று மாதம் ஆயிற்று. தம்பி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பதக்கம் பெட்டியிலேயே தூங்கியது.

ராஜா தம் விகடகவி மயிலேறியைக் கூப்பிட்டார்.

"நாளைக்குள் இந்தப் பதக்கத்துக்கு ஒரு கழுத்து கொண்டுவாரும். இல்லையென்றால் உம்முடைய கழுத்துக்கு நான் கயிறு கொண்டுவருவேன்."

மயிலேறி பதக்கத்தை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பதக்கத்தில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தார். பத்தாவது தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மறுநாள் அவர் சபைக்கு அழைத்து வந்தது ராஜமாதாவை.

"பிரபு! சின்னராயர் முதுகைக் கண்டவர் இதோ!"

"என்னய்யா விளையாட்டு இது?"

"சனிக்கிழமை தவறாமல் கண்டிருக்கிறார்கள், பிரபு. எண்ணெய் தேய்த்துக் கண்டிருக்கிறார்கள். குளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் அதே முதுகில் நாலு சாத்தும் சாத்தியிருக்கிறார்கள். நம் சேனாபதி ஒரு அடியாவது அடித்திருக்கிறாரா, கேளுங்கள்!"

சேனாபதி உத்தரத்தைப் பார்த்தார். சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு பதக்கத்தை அம்மா கழுத்தில் போட்டார். போட்டதுதான் தாமதம், ராஜமாதா விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

"எங்கேம்மா இவ்வளவு அவசரமா?"

"அக்கரைக்குடா. சின்னவனும் ஒரு பதக்கம் பண்ணியிருக்கானாம். உன் முதுகைக் கண்டவங்களுக்கு!"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வெட்கமா இருக்கும்மா. நானும் வரேன். தம்பிகிட்ட சமாதானம் பேசிடறேன்."

மயிலேறி ஓடிப்போய் ஓடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவசியம் வாருங்கள், பிரபு! அங்கே சாட்சிக்கு ஒரு முதுகு வேண்டுமே!"

ராஜா சிரித்த சிரிப்பில் ஓடமே ஆடியது. அக்கரை போய்ச் சேருவதற்குள் மயிலேறிக்கு ஒரு கிராமம் மானியமாகக் கிடைத்துவிட்டது.