வடிவக்காளின் மௌன விரதம்

முன்னொரு காலத்தில் காரையாற்று நாட்டை அடலேறு மகாராஜா என்று ஒருத்தர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பசி வந்துவிட்டால் நியாயமும் தெரியாது, நிதானமும் இருக்காது. அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அதுதான் சட்டம்.

ஒருநாள் நகர்வலம் போனவர் கீழவாசலில் வடிவக்காள் கடைப் பணியாரத்தைச் சாப்பிட்டுத் தொலைத்தார். அவ்வளவுதான், அரண்மனைச் சாப்பாடு அவருக்குக் கசந்துபோனது. மடைப்பள்ளித் தலைவர் கட்டியப்பருக்கு வயிறு எரிந்தது. நேராக ராஜாவிடம் போனார். இப்படிப்பட்ட பணியாரத்தை ராஜா மட்டும் தின்றால் நன்றாகவா இருக்கிறது, தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கிற அத்தனை பேருக்கும் அவளே சுட்டுக் கொடுக்கட்டுமே என்று தேனாகப் பேசினார். முடியாவிட்டால் கடையை மூடிவிட்டு மடைப்பள்ளியில் தனக்குக் கீழே பாத்திரம் கழுவ வரட்டும் என்று கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். ராஜாவுக்கு அப்போது நல்ல பசி. அப்படியே ஆகட்டும் என்றுவிட்டார்.

வடிவக்காள் ஆடிப்போனாள். மந்திரி அம்பலவாணரிடம் ஓடி, எப்படியாவது கடையைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று அழுதாள். மந்திரி முதலில் கடையைப் பார்க்க வேண்டும் என்றார்.

வந்து பார்த்தால், அது கடையா? கூத்து! வெல்லம் எங்கே என்று புருஷன் மாசானம் கேட்பார். உரலுக்குப் பின்னால் என்பாள் வடிவக்காள். மாவுக்கு எவ்வளவு உப்பு என்று மருமகள் செண்பகம் கேட்பாள். நகரு என்று தானே வந்து போடுவாள். எண்ணெய் வாங்கப் போன ஆள், எந்தச் செக்கில் வாங்க என்று கேட்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவான். இதற்கு நடுவே குழியில் மாவு ஊற்றுவதும் அவள்தான், திருப்பிப் போடுவதும் அவள்தான். கடை முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. பாவம், தலை ஒன்றுதானே?

மந்திரி அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். "அம்மா, தேர் வரைக்கும் நீ மௌன விரதம் இரு. கடைக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, கரண்டியைத் தொடக் கூடாது."

"ஐயா, கடை நாறிப்போயிடுமே."

"நாறட்டும். இன்றைக்கு நாறினால் தெருவுக்குத்தான் தெரியும். தேரன்று நாறினால் ஊருக்கே தெரியும்."

அம்மன் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மனுஷர் நகர்ந்தார்.

மறுநாள் பணியாரத்தில் உப்பே இல்லை. அதற்கடுத்த நாள் உப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. வாங்கினவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். வடிவக்காள் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

கேட்டால் பதில் வராது என்று ஆனபிறகு கடையில் இருந்தவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். செண்பகம் மாவை வாயில் வைத்து வைத்துப் பார்த்து, சரியான உப்புக்கு ஒரு சிரட்டையை அளவாக வெட்டி மாவுப் பானைக்கு மேலேயே கட்டித் தொங்கவிட்டாள். தேடித் தேடிச் சலித்த மாசானம் வெல்லத்துக்கு ஓர் இடம், எண்ணெய்க்கு ஓர் இடம் என்று ஒதுக்கினார். ஆட்டுகிறவர் ஆட்டினார், ஊற்றுகிறவர் ஊற்றினார், ஒருத்தர் வேலையில் ஒருத்தர் விழவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து கைகொடுக்கப் புதிதாக வந்த பெண்கள்கூடக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பில் நின்றுவிட்டார்கள். நம்மை யாரும் தேடவில்லையே என்று வடிவக்காளுக்கு முதலில் ஆத்திரமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சோற்றைச் சூட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

தேரும் வந்தது. ராஜா வடத்தைத் தொட்டுக் கொடுத்துவிட்டு அரண்மனைக்குத் திரும்பினார். கட்டியப்பர் சும்மா இருப்பாரா? இப்பேர்ப்பட்ட கைப்பக்குவக்காரிக்கு இன்றைக்கே சபையில் பொன்னாடை போர்த்த வேண்டும், உடனே கூட்டி வாருங்கள் என்றார். அவள் இல்லாவிட்டால் அங்கே அடுப்பே எரியாது என்பது அவர் கணக்கு.

மந்திரி ஒன்றும் மறுக்கவில்லை. "நல்ல யோசனை, மகாராஜா. ருசி தெரிந்தவர் நம் கட்டியப்பர்தான். அவரும் சபை முடிகிறவரை கூடவே இருந்து அந்த அம்மாவைப் பாராட்டிப் பேசட்டும்."

கட்டியப்பரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பொன்னாடையைப் போர்த்திவிட்டு நின்று பேசினார். புலவர்களும் பேசினார்கள். வடிவக்காள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சிவேளைக்குக் காவலன் வந்து, வடம் பிடித்தவர்கள் எல்லாருக்கும் பணியாரம் கிடைத்துவிட்டது, கேட்டவர்களுக்கு மறுபடியும் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ராஜாவுக்குப் பசி வந்துவிட்டது. சாப்பாடு எங்கே என்றார். மடைப்பள்ளி ஆட்கள் வெறுங்கையோடு வந்து நின்றார்கள். அரிசி பருப்பு இருக்கிற உக்கிராணத்துச் சாவி தலைவர் இடுப்பில் இருக்கிறதாம். அவர் வந்து அளந்து போடாமல் எதையும் தொடக் கூடாதென்று உத்தரவாம். அதனால் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லையாம். கட்டியப்பர் இடுப்புச் சாவியை மேல்துண்டால் மறைத்துக்கொண்டார்.

மந்திரி கீழவாசலுக்கு ஆள் அனுப்பிப் பணியாரம் வரவழைத்தார். ராஜா தின்றார். இன்னும் தின்றார். "அதே ருசி. நீ இங்கே நிற்கிறாய், இதை யார் சுட்டது?"

"மருமகள் செண்பகம், மகாராஜா."

ராஜா கட்டியப்பர் பக்கம் திரும்பினார். "இத்தனை ஆட்களை வைத்துக்கொண்டு என்னைப் பட்டினி போட்டீர். சாவியை அவர்களிடம் கொடும். இனி அவர்கள் சமைக்கட்டும், நீர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடும்." பிறகு வடிவக்காளிடம் நாலு வாசலிலும் கடை போட இடம் தந்ததாகச் சொல்லி, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

அவள் கைகூப்பினாள். "கடையை நாளைக்குப் பேசிக்கலாம் மகாராஜா. தேர் இன்னும் நிலைக்கு வரலை. இந்த ஊருக்கு வாழ வந்ததிலிருந்து ஒரு தேரும் நான் பார்த்ததில்லை. கடையை விட்டு எங்கே வர? இப்போ போகட்டுமா?"

ராஜா கையைக் கழுவிவிட்டு எழுந்தார். வழியில் இருந்தவர்களை அவளுக்காக விலகச் சொன்னார். அன்றைக்கு மேல வீதியில் வடம் பிடித்த கூட்டத்தில், பொன்னாடையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இழுத்தவள் வடிவக்காள்தான்.