பேர் பதிச்ச சோப்பு

கையைக் காட்டு பார்க்கலாம். நெகத்துக்குள்ள பாரு, வாசல் மண்ணு பூராவும் உன்கிட்டதான் இருக்குது. அந்த மரக்கட்டையை வச்சுக்கிட்டு சாயங்காலம் முச்சூடும் மண்ணுல பணியாரம் சுட்டா இப்படித்தான். சரி, காலையில தேய்ச்சுக்கலாம். காலைத் தூக்கி என் மேல போட்டுக்கோ. கதை வேணும்னா "ம்" சொல்லோணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு சோப்புக்காரி இருந்தாளாம்.

"ம். அவ பேரு என்னம்மா?"

பேரைக் கடைசியில சொல்றேன். அந்த ஊர்லயும் அவ பேரை யாரும் சொன்னதில்ல, கண்ணு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து "சின்ன மருமக"தான், "இந்தா புள்ள"தான். கொழந்தை பொறந்ததும் "பாப்பாவோட அம்மா" ஆயிட்டா. எப்படிக் கூப்பிட்டாலும் அவளும் திரும்பிப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், பாப்பா தூங்குற நேரத்துல, சோப்பு செய்யறது எப்படின்னு செல்போன்ல பார்த்தா. வீட்டுல செக்குல ஆட்டின தேங்காயெண்ணெய் டின்னு டின்னா நிக்குது. பொழுதும் போகல. நாமளும் செஞ்சா என்னன்னு தண்ணியில காரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாப் போட்டா, "புஸ்ஸ்ஸ்"னு ஒரு ஆவி! மூக்கைப் பொத்திக்கிட்டா. அது மொளகாக் காரம் இல்ல அம்மிணி, சோப்புக் காரம். மேல பட்டா தோலையே தின்னுடும். அதை எண்ணெயில ஊத்தி, "டுர்ர்ர்"னு கடைஞ்சு, தோசைமாவுப் பதம் வந்ததும் மரப்பெட்டியில ஊத்தினா. மறுநாள் "சதக் சதக்"னு வெட்டிப் பலகையில அடுக்கினா. உடனே குளிக்கலாமா?

"ம், குளிக்கலாம்."

கூடாது! நாப்பது நாள் காத்தாடக் காயோணும். அப்பத்தான் உள்ள இருக்கிற காரம் அடங்கும். நாப்பதாம் நாள் நாக்கு நுனியில தொட்டுப் பார்ப்பா.

"சோப்பையா? உவ்வே!"

உவ்வேதான். ஆனா "சுருக்"குனு கடிச்சா காரம் இன்னும் உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். வெறுமனே கசந்தா, பச்சக் கொழந்தைக்கே போடலாம்.

அப்படி செஞ்ச சோப்பைப் பக்கத்து வீட்டுக்கு ஒண்ணு, எதிர் வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தா. "பாப்பாவோட அம்மா, பாலாட்டம் நுரைக்குதே! இதை நீ விக்கலாமே!"ன்னு எல்லாரும் சொன்னாங்க. சும்மா கிடைச்ச சோப்பு நல்லாத்தான் நுரைக்கும், அது வேற விசயம். அவ நிசமாவே நம்பிட்டா. விக்கிறதுன்னு முடிவு பண்ணி, மொதக் காரியமா ஆசாரிகிட்டப் போயி ஒரு மர அச்சு செதுக்கச் சொன்னா. என்ன அச்சு? அவ பேரு! எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்த்தாப்பல திரும்பி இருக்கும். அழுத்தினா நேரா விழும். அவ வீட்டுக்காரர் சிரிச்சாரு. "ரேஷன் கார்டுல இருக்குதே உன் பேரு, அது பத்தலையா?"

பத்தல.

மொத சோப்புல "சப்"புனு அழுத்தி எடுத்தா. அவ பேரு அவளையே பார்த்துச்சு. கொஞ்ச நேரம் அந்த சோப்பைக் கீழ வைக்க மனசே வரல அவளுக்கு. தூங்கிட்டியா?

"ம்கூம்."

அப்போ மொதல்ல அவ நாத்தனா வந்தா. "இந்தா புள்ள, இருபது சோப்பு குடு. ஆபீஸ்ல நானே செஞ்சதுன்னு குடுக்கப் போறேன். அந்த எழுத்தை மட்டும் அழுத்தாத."

"எழுத்தில்லாமக் குடுக்கறதில்லீங்க."

"அடேயப்பா! பெரிய கம்பெனிக்காரி!"ன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா.

"நம்ம அத்தை மாதிரியா?"

எல்லா ஊர்லயும் அப்படி ஒரு அத்தை உண்டு. நீ "ம்" மட்டும் சொல்லு.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பேன்சி கடைக்காரர்கிட்ட இவளே போனா. மோந்து பார்த்தாரு, தடவிப் பார்த்தாரு. "சரக்கு சுத்தம். மாசாமாசம் எடுத்துக்கறேன். ஆனா மேல என்ற கடைப் பேருதான். உன்ற பேரை யாரும்மா கண்டா?"

"கண்டுக்குவாங்க. வேற பேர்ல தரமாட்டேனுங்க."

வெயில்ல பையைத் தூக்கிக்கிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தா.

மூணாவதா வந்தாரு அரிசிமில் சென்னியப்பன். கார்ல வந்து "பாம் பாம்"னு அடிச்சாரு. "பேரனுக்குக் காதுகுத்து. தாம்பூலப் பையில போட முந்நூறு சோப்பு வேணும். உன் பேரே இருந்துட்டுப் போகட்டும் அம்மிணி, எனக்கென்ன? ஆனா பதினஞ்சு நாள்ல வேணும்."

பதினஞ்சு நாளு! சோப்புக்கு எத்தனை நாளு வேணும்?

"நாப்பது…"

நாப்பது. அவளுக்கும் தெரியும். ஆனா கண்ணு முன்னால முந்நூறு வீட்டுக் குளியலறை வந்து நின்னுச்சு. முந்நூறு சோப்புப் பெட்டி, முந்நூறு தடவை அவ பேரு. வாய் "முடியாது"ன்னு சொல்லப் போச்சு, "சரிங்க"ன்னு சொல்லிருச்சு.

பெரிய அண்டா வச்சு "டுர்ர்ர்… டுர்ர்ர்…" கை ரெண்டும் மரத்துப்போச்சு. வெட்டினா, அழுத்தினா. சப், சப், சப், முந்நூறு. பதிமூணாம் நாள் நாக்குல தொட்டா.

சுருக்!

இன்னொண்ணு. சுருக்! மூணாவது. சுருக்!

அப்போ அவ என்ன பண்ணினா தெரியுமா? முந்நூறு துண்டுச் சீட்டு எழுதினா. "ஒரு மாசம் வச்சிருந்து அப்புறம் குளிங்க"ன்னு. ஒவ்வொரு சோப்போடயும் ஒண்ணு வச்சுக் காகிதத்துல மடிச்சா. சென்னியப்பன் வந்து அள்ளிக்கிட்டுப் போறப்ப, "எல்லாம் நல்லபடியா இருக்குதா?"ன்னு கேட்டாரு. "இருக்குதுங்க"ன்னா.

"ஏம்மா, வாயால சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். சொன்னா வேண்டாம்னுட்டுப் போயிருவாரே. அதுக்குப் பயந்துக்கிட்டா.

அங்க மில்லுக்காரர் வீட்டுல என்ன ஆச்சு? காகிதம் பார்க்க லட்சணமா இல்லையாம். எல்லாத்தையும் பிரிச்சு எறிஞ்சுட்டு, பேரன் போட்டோ போட்ட பளபள கவர்ல போட்டுட்டாங்க. முந்நூறு சீட்டும் வெந்நீர் அடுப்புல "பக்"குனு எரிஞ்சுபோச்சு.

காதுகுத்து முடிஞ்சு மூணாம் நாள், அந்தப் பேரனையே அந்த சோப்பு போட்டுக் குளிப்பாட்டினாங்க. புதுசாக் குத்தின காது. "வீல்"னு ஒரு கத்து! கன்னமெல்லாம் செக்கச்செவேல்னு தடிச்சுப்போச்சு.

"பாப்பா செத்துப்போச்சா?"

ச்சீச்சீ, இல்ல. பத்து நாள்ல தேறிருச்சு. ஆனா மில்லுக்காரர் மக அந்த சோப்பைக் கையில புடிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. கவரு போச்சு, சீட்டு போச்சு. சோப்புல அழுத்தின பேரு மட்டும் அப்படியே இருந்துச்சு.

"சீட்டு எழுதி வச்சிருந்தேனுங்க…"ன்னா நம்ம சோப்புக்காரி.

"சீட்டு எழுதத் தெரிஞ்சவளுக்கு வாயில்லையா?"

அன்னிக்குத்தான் கண்ணு, ஊரே அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. தெருமுனையில நின்னு கூப்பிட்டாங்க, ஜன்னல்ல நின்னு கூப்பிட்டாங்க. "டொப்பு… டொப்பு…"னு ஆளாளுக்கு சோப்பைக் கொண்டுவந்து வாசல்ல எறிஞ்சாங்க. குமிச்சு வச்சாப்பல அவ பேரு கிடந்துச்சு. நாத்தனா மட்டும் எறியல. அவகிட்டத்தான் சோப்பே இல்லையே!

எல்லாத்தையும் பொறுக்கி, தூசி தட்டி, மறுபடி பலகையில அடுக்கினா. எதுக்குன்னு அவளுக்கே தெரியாது. நாப்பதாம் நாள் வந்துச்சு. ஒண்ணை எடுத்து நாக்குல தொட்டா.

"சுருக்கா?"

இல்ல. வெறும் கசப்பு. அத்தனையும் நல்ல சோப்பு. வாங்கத்தான் ஆளில்ல.

அப்புறம் கத்தியை எடுத்தா. "சரக்… சரக்…" ஒவ்வொரு பேரா சீவினா. வழவழன்னு ஆன சோப்பைப் பையில போட்டுக்கிட்டு பேன்சி கடைக்குப் போனா. கடைக்காரர் அவரு கடை அட்டையைப் போட்டு அடுக்கிட்டாரு. அப்புறம் அதே ஊரு வந்து வாங்குச்சு. மில்லுக்காரர் மககூட ரெண்டு வாங்கிட்டு, "வாங்கினா இந்த மாதிரி சோப்பு வாங்கோணும்"னு சொன்னாளாம். கடைக்காரரே வந்து சிரிச்சுக்கிட்டு சொன்னாரு. இவளும் சேர்ந்து சிரிச்சா.

இன்னிக்கும் செய்யறா. மாசாமாசம் அவருக்குத்தான் போவுது.

"ம்… அந்த அச்சு?"

அதுவா? அடுப்புல போடப் போனா. மனசு வரல. அவ பாப்பாகிட்ட விளையாடக் குடுத்துட்டா.

ம் சொல்லு.

"…அம்மா. பேரைக் கடைசியில சொல்றேன்னியே?"

காலையில வாசல்ல தண்ணி தெளிச்சுட்டு, உன் பணியாரக் கட்டையை ஈர மண்ணுல நல்லா அழுத்திப் பாரு. காஞ்ச மண்ணுலதான் எழுத்து நிக்காது. உனக்குத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வருமே.

கதை காஞ்சாச்சு, காரம் அடங்கியாச்சு. கண்ணை மூடு சாமி.