சோழி வாங்கிய முள்ளம்பன்றி

கடலோரக் காடு ஒன்றில் விலங்குகள் எல்லாம் சோழியைக் கொடுத்துத்தான் இரை வாங்கும். கூடைக் கிழங்குக்கு ஒரு சோழி.

அங்கே மூக்காயி என்றொரு கீரி இருந்தாள். யார் என்ன சொன்னாலும் அவளுக்குச் சந்தேகம்தான். மழைக்காலத்தில் தன் மூன்று குட்டிகளும் பட்டினி கிடக்கக் கூடாதென்று, நாற்பது சோழியும் பத்துக் கூடைக் கிழங்கும் சேர்த்து வைத்திருந்தாள்.

ஒருநாள் பெருச்சாளி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மோசம் போனோம்! கடற்கரையில் சோழி மலைமலையாக ஒதுங்கிக் கிடக்கிறது! இனி அதற்கு மதிப்பே இல்லை!"

காடே கலங்கியது. மானும் முயலும் குரங்கும் சோழியைத் தள்ளிவிட ஓடின. பத்துச் சோழிக்கு ஒற்றைக் கிழங்கைக் கொடுத்துப் பெருச்சாளியே வாங்கிக் குவித்தான். "ஏதோ, உங்கள் கஷ்டத்தைப் பார்த்துத்தான்!" என்று பெருமூச்சு வேறு!

மூக்காயிக்கு மூக்கில் வியர்த்தது. 'செல்லாத சோழி இவனுக்கு எதற்கு?'

பக்கத்துப் புதரில் இருந்த கூரன் என்ற முள்ளம்பன்றியும் சோழி வாங்கிக்கொண்டிருந்தான்.

"எதைப் பார்த்து வாங்குகிறீர்கள், அண்ணே?"

"எதையும் பார்க்கவில்லை, தங்கச்சி! ஊரே விற்கிறது. அதனால் நான் வாங்குகிறேன்! கூட்டத்துக்கு என்றைக்கு மூளை இருந்தது?"

அந்தப் பதிலையும் அவள் நம்பவில்லை. குட்டிகளை வளைக்குள் விட்டுவிட்டு, ஒரு பகல் முழுக்க நடந்து கடற்கரைக்குப் போனாள். மணலை முகர்ந்தாள், கிளறினாள். எங்கும் கிளிஞ்சல்தான். சோழி ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை.

திரும்பி வந்தவள் சந்தை நடுவில் நின்று கத்தினாள்.

"பெருச்சாளி சொன்னது புளுகு! என் கிழங்கு பழைய விலைக்கே! கூடைக்கு ஒரு சோழி, யாருக்கு வேண்டும்?"

அவள் துணிந்து சோழியை வாங்கியதும் மற்றவர்களுக்கும் தெம்பு வந்தது. அன்று மாலைக்குள் விலை நிமிர்ந்தது. விலங்குகள் பெருச்சாளியின் வளையைச் சூழ்ந்துகொண்டு தங்கள் சோழியைப் பிடுங்கின. அவன் காட்டைவிட்டே ஓடினான்.

கூரனுக்கோ கொழுத்த லாபம்.

"நீ கால் தேய நடந்தாய். நான் உட்கார்ந்த இடத்திலேயே ஜெயித்தேன்!" என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டான்.

அடுத்த ஆண்டு பெரும்புயல் ஒன்று அடித்து ஓய்ந்தது. "கரையெல்லாம் சோழி!" என்று குரங்குகள் கூவின.

மூக்காயிக்கு மறுபடி சந்தேகம், மறுபடி நடந்தாள். கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. அத்தனையும் சோழி! ஓட்டமாய்த் திரும்பினாள். அதற்குள் கூரன் தன் கிழங்கில் பாதியைக் கொடுத்துச் சோழி வாங்கியிருந்தான்.

"அண்ணே, இந்தத் தடவை நிஜம்! என் கண்ணால் பார்த்தேன்! மிச்சத்தையாவது வையுங்கள்!"

"உன்னையும் பயம் பிடித்துவிட்டதா? எல்லாரும் ஒன்றைச் சொன்னால் அது பொய்தான்!" என்று சிரித்தான் கூரன். மிச்சக் கிழங்கும் போயிற்று.

பத்தே நாளில் சோழியைச் சீண்ட ஆளில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் அழுகை பொறுக்காமல், கூரன் நனைந்த முள்ளோடு மூக்காயியின் வளை வாசலில் வந்து நின்றான்.

விற்காமல் வைத்திருந்த கிழங்கில் ஒரு கூடையை அவள் வெளியே தள்ளினாள்.

"முதலில் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அண்ணே."

கூட்டத்தோடு ஓடுவதும் அறிவல்ல, வீம்புக்கு எதிர்ப்பக்கம் ஓடுவதும் அறிவல்ல. உண்மை எதுவென்று நேரில் போய்ப் பார்ப்பதே அறிவு.