ஆள்காட்டி விழுங்கிய நெருப்பு

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் மலையும்கூட மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஆள்காட்டிக் குருவியைப் போல ஒரு வாயில்லாப் பூச்சி கிடையாது. இன்று ஆளைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறதே, அதே குருவிதான்.

அது கங்குமலையில் குடியிருந்தது. வயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டு எந்நேரமும் புகையும் மலை அது. அடிச்சூட்டில் சரளைக்கல் கதகதப்பாக இருக்கும். அதனால் குருவி கூடு கட்டாமல் சரளையிலேயே முட்டையிடும். மலை ஏறவும் மானையும் முயலையும் பார்க்கவும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்து வழி காட்டுவது குருவியின் வேலை. மலை போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: வந்த விருந்தாளியிடம் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. விருந்தாளிக்குச் சட்டம் எதுவும் இல்லை. அநியாயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஒருநாள் மாடக்கோன் என்று ஒருவன் வந்தான். ஒரு கட்டைக்கு முன்னும் பின்னும் சக்கரம் பூட்டி, அதைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினான். உச்சியிலிருந்து அதன்மேல் உட்கார்ந்து உருண்டு இறங்கப் போகிறானாம்.

"ஐயா, இறங்குறப்ப பாதையோடயே போங்க. அந்தச் சரளையில என் முட்டை நாலு கிடக்கு," என்றது குருவி, தாழ்ந்த குரலில்.

"எங்க? எல்லாம் கல்லாத்தான் தெரியுது."

"கல்லு மாதிரிதாங்க இருக்கும். நாளைக்கோ மறுநாளோ பொரிஞ்சிரும்."

"சரி சரி, பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். பாதை வளைந்த இடத்தில் வளைய அவனுக்குச் சோம்பல். சக்கரத்தை நேரே சரளையில் விட்டான். குருவி கத்த வாயைத் திறந்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டது. நான்கு முட்டைகள்மேலும் சக்கரம் ஏறிப் போனது.

அவன் நிற்கக்கூட இல்லை. "அடடா, என்ன இறக்கம்! இன்னொரு தடவை வரணும்!" என்று கத்திக்கொண்டே போனான். அவன் மட்டும் கத்தலாம்.

குருவிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புகை கிளம்பும் மலையின் வாய்க்கே பறந்து போய் நின்றது.

"உன் சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு! நான் ஒரு சத்தம் போட்டிருந்தா அவன் திரும்பியிருப்பான். என் புள்ளைங்க நாலும் போச்சு. வயித்துல இத்தனை நெருப்ப வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

மலை, "நான் வாயத் திறந்தா காடே எரிஞ்சிரும், தாயி," என்றது.

"அப்ப என் வாயை எதுக்கு அடைச்ச? உன்னால கத்த முடியலைன்னா அந்த நெருப்புல கொஞ்சம் எனக்குக் கொடு. நான் கத்துறேன்!"

மலை வெட்கப்பட்டு ஒரு நெருப்புத்துண்டை உமிழ்ந்தது. குருவி அதை அப்படியே விழுங்கியது. அலகு சிவந்தது. சூடு மேலேறி, கண்ணோரத்துச் சதையும் சிவந்தது.

அதற்குள் மாடக்கோன் மறுபடி உச்சிக்கு ஏறி உருண்டு வந்தான். இந்தத் தடவை முயல் குட்டிகள் படுத்திருந்த புல்லை நோக்கி. குருவி அவன் தலைக்குமேல் பறந்து கத்தியது, மலையே அதிரும்படி கத்தியது. தாய் முயல் குட்டிகளைக் கவ்விக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. மான்கள் காட்டுக்குள் ஓடின. மாடக்கோன் மிரண்டுபோய்க் கவிழ்ந்தான். சக்கரம் பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது.

"நான் உங்க விருந்தாளி!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"எந்திரிச்சு நடடா!" என்றது குருவி.

அன்று முதல்தான் மனிதத் தலை தெரிந்ததுமே ஆள்காட்டி கத்துகிறது, அதைக் கேட்டுக் காட்டு விலங்குகளும் நம் கண்ணில் படாமல் மறைந்துவிடுகின்றன. நான் நல்லவன், சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று நாம் சொன்னாலும் அது கேட்பதில்லை. அப்படி ஒருவனை ஒருமுறை நம்பி, சட்டத்துக்கும் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டதற்கு, அது நான்கு பிள்ளைகளை விலையாகக் கொடுத்திருக்கிறது.