வலையைத் தொட்ட கை

"ஏ செல்லக்கனி, நீ எங்களுக்கு ரெஃபரியா, இல்ல ஒன் முருகனுக்கு ரெஃபரியா?" என்று உப்பளத்துக் கங்காணி ஒருமுறை கேட்டார். அது கேலி என்பது செல்லக்கனி அம்மையாருக்குப் பிடிபடவில்லை. அன்று முழுவதும் விடை தேடிக் குழம்பினார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பு வாருவது அவர் பிழைப்பு. விடியலில் முருகன் கோயில் வாசலைக் கூட்டி, விசிலைச் சன்னிதிப் படியில் வைத்து, "பொய்யா ஊத விட்டுராத சாமி" என்று வேண்டிய பிறகே உப்புப் பாத்திக்குப் போவார். வைகாசி விசாகத்தன்று கோயில் திடலில் நடக்கும் வாலிபால் போட்டிக்கு நடுவராக நிற்பதே அவர் செய்துவந்த தொண்டு.

ஓர் ஆண்டு அவருடைய நடுவர் சான்றிதழ் காலாவதியாயிற்று. புதுப்பிக்காமல் விசில் ஊதக்கூடாது என்றது மாவட்ட வாலிபால் கழகம். பயிற்சி வகுப்புக்குச் சென்றார். அங்கே விதிகளே மாறியிருந்தன.

"சர்வீஸ் பந்து வலையில ஒரசுனா தப்புன்னுதான சார் படிச்சோம்?"

"அது அந்தக் காலம்மா. இப்ப தப்பில்ல."

நேற்றைய குற்றம் இன்று எப்படிக் குற்றமில்லாமல் போயிற்று? திகைத்தபடியே மனப்பாடம் செய்தார். தேர்வாளர் ஜெபராஜுக்கோ வேறு ஐயம். உப்பு வெளிச்சத்தின் கூச்சம் அம்மையாரின் கண்ணைத் தின்றிருக்குமோ?

"விசாகத்துக்கு ஒரு ஆட்டம் நடத்துங்க, பாக்கேன். தப்பா ஊதுனா புதுப்பிக்க முடியாது."

விசாகத்தன்று வேல் பொறித்த சட்டை போட்ட கோயில் அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. வெளியூர் இளைஞன் ஒருவன் இறங்கி ஆடினான். கடைசிப் புள்ளியில் அவன் துள்ளி அடித்த பந்து எதிர்த்தரையில் இடியாய் இறங்கியது. ஊரே ஆர்ப்பரித்தது. அம்மையாரோ விசில் ஊதி வலையைச் சுட்டிக் காட்டினார். அடித்தவன் கை வலையைத் தொட்டுவிட்டதாம்! ஆட்டம் எதிரணிக்குப் போயிற்று.

"கண்ணு அவிஞ்சு போச்சா? சாமி டீமையே தோக்கடிச்சிட்டியே!" என்று கங்காணி கத்தினார்.

"வலை அசையவே இல்லையேம்மா" என்றார் ஜெபராஜ்.

பார்த்தது கைதானா, கண்ணில் ஆடிய உப்பு வெளிச்சமா? சாமிக்கு எதிராகவே ஊதிவிட்டோமா? அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும், "கை பட்டுது சார். நான் பாத்தத ஊதுனேன்" என்றார்.

அப்போது அந்த இளைஞன் தன் வலக்கையை உயர்த்தினான். தவறு தன்னுடையது என்று ஆட்டக்காரர் ஒப்புக்கொள்ளும் வழக்கம் அது. ஜெபராஜ் எழுந்து, "புதுப்பிச்சாச்சும்மா" என்றார்.

"யாருல அவன்?" என்றான் கோயில் அணித்தலைவன்.

"நீ கூட்டியாந்த ஆளுன்னுல்லா நெனச்சேன்!" என்றான் கூட ஆடியவன்.

ஒருவரும் அழைத்து வரவில்லை. தன் பெயரால் ஆடிய அணி தோற்றாலும் அடியாரின் விசில் பொய்க்க விடாத பெருமானை என்ன சொல்லிப் புகழ்வது! பார்த்ததையே ஊதிய செல்லக்கனி அம்மையார் வாழ்க.

அம்மையார் அந்த இளைஞரின் பெயரைக் கேட்கப் பின்னால் ஓடினார். இளைஞர் ஒருகணம் திரும்பி முறுவலித்தார். பிறகு, காலையில் அம்மையார் கூட்டிய வாசல் வழியே, கோயிலுக்குள் போய்விட்டார்.