ஆறாவது போல்ட்டு

ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு வயசு. அவளிடம் தொழில் படிக்க வந்த மிக்கேலுக்கு நாற்பத்தைந்து. அவள் அவனை அண்ணே என்பாள், அவன் அவளை மேஸ்திரி என்பான். துருவேறி இறுகின போல்ட்டோ, தலை முறிஞ்ச போல்ட்டோ, துறைமுகத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு உச்சி வெயிலில் கூப்பிட்டவன் மிக்கேல். பத்தொன்பது நாளாகக் காணாமல் போயிருந்த விசைப்படகை இழுத்து வந்து கரையேற்றியிருந்தார்கள். போன மூன்று பேரில் ஒருத்தரும் அதில் இல்லை. கொடியில் சட்டை காய்ந்தது. மூடி வைத்த சோறு ஊசிப்போகவில்லை, ஈ கூட மொய்க்கவில்லை. இன்னும் பார்க்காத இடம் இஞ்சின் அறை ஒன்றுதான். அதன் இரும்பு மூடிக்கு மேலே ஆறு போல்ட்டு. உள்ளே ஆள் இருந்தால் வெளியே இறுக்கினது யார்?

மூன்று பேரில் ஒருத்தன் மிக்கேலின் தம்பி ராயப்பன். அவன் பெண்சாதி கீழே படகு நிழலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இல்லையென்றால் எங்கேயோ கரையேறியிருப்பார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

ஐந்து போல்ட்டைக் கழற்றின மிக்கேல், ஆறாவதின் தலையை முறித்து வைத்திருந்தான். துரு மேஸ்திரி, கடல் துரு என்று மூன்று தரம் சொன்னான்.

ரெஜினா முறிந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தாள். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். டங்.

கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து டங்.

வேடிக்கை பார்த்தவர்கள் ஏணியில் முட்டி மோதி இறங்கினார்கள். எதிரொலிதான் என்றான் ஒருத்தன், தரையில் பத்திரமாக நின்றுகொண்டு.

ரெஜினா நிமிரவில்லை. "இடப்பக்கம் சுத்தினாக் கழலும். இது வலப்பக்கம் சுத்தி முறிஞ்சிருக்கு, அண்ணே. உடைஞ்ச வாயே சொல்லுது."

மிக்கேல் கையைக் கைலியில் துடைத்தான். கை தானாக வலப்பக்கம் போனது, அதுதான் உண்மை. மூடி திறக்காதவரை ராயப்பன் சாகவில்லை.

அவள் திட்டவில்லை. முறிந்த போல்ட்டுக் கட்டைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தாள். நட்டு சிவந்தது. தண்ணீர் ஊற்றப் போனவனைத் தடுத்து, தானாக ஆறட்டும் என்றாள். வெளியே வெல்டிங்கின் சீறல் நின்ற பிறகும் உள்ளே அதே சீறல் ஒரு மூச்சு நேரம் ஓடியது.

ஆறினதும் ஸ்பேனரை மாட்டி அசைத்தாள். மயிரிழை நகர்ந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"இனி நீங்க."

மிக்கேல் ஸ்பேனரைப் பிடித்தான். உள்ளே டங். இந்தத் தடவை வெளியே யாரும் தட்டவில்லை.

"உள்ள அவன் இருந்தா, மேஸ்திரி?"

"இடப்பக்கம்."

"இல்லன்னா?"

"அதுக்கும் இடப்பக்கம்தான், அண்ணே."